ட்ராம் வேண்டாம் என்று சொல்வதும் எங்கள் வேலைதான்

"கொழும்பில் ட்ராமே இல்லை, ட்ராம் திட்டமிடுகிறவருக்கு இங்கே என்ன வேலை?" உயர்தரம் எழுதிவிட்டு நிற்கும் பிள்ளைகளின் பெற்றோர் என்னிடம் அடிக்கடி கேட்பது இது. நியாயமான கேள்விதான். ஒரு காலத்தில் இங்கேயும் ட்ராம் இருந்தது. 1899 இல் தொடங்கி, கோட்டைப் பக்கமிருந்து கிராண்ட்பாஸுக்கும் பொரளைக்கும் ஓடியது. 1944 இல் மாநகர சபை பொறுப்பேற்றது, 1953 இல் ட்ரொலிபஸ் (மேலே கட்டிய கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து, தண்டவாளம் இல்லாமல் ஓடும் பஸ்) வந்தது, 1960 இல் ட்ராம் நின்றது. நாலு வருடத்தில் ட்ரொலிபஸ்ஸும் போய்விட்டது.

சரி, இப்போது என்ன வேலை? வண்டியைத் தேர்ந்தெடுப்பது என்று பலர் நினைக்கிறார்கள். வண்டி கடைசியில்தான் வரும். காலை நெரிசல் நேரத்தில் எத்தனை பேர் எங்கிருந்து எங்கே போகிறார்கள் என்ற கணக்குத்தான் முதலில். 200 பேர் ஏறும் ட்ராம் மூன்று நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் ஒரு திசையில் மணிக்கு 4,000 பேர். 60 பேரை ஏற்றும் பஸ் நிமிடத்துக்கு ஒன்று ஓடினால் 3,600 பேர். அவ்வளவுதான் வித்தியாசம். பஸ்ஸுக்குத் தனி ஒழுங்கை கொடுத்து, ஏறும்போது காசு வாங்கும் இழுபறியை நீக்கினாலே பல வீதிகளுக்குப் போதும். நம்முடைய தனியார் பஸ் அன்றன்றைய வசூலை நம்பி ஓடுவது. தரிப்பிடத்தில் ஆள் சேரும் வரை நிற்கும், பின்னால் இன்னொன்று தெரிந்ததும் பறக்கும். அதைச் சீராக்காமல் தண்டவாளம் போட்டால், தண்டவாளத்துக்குப் பக்கத்திலும் இதே போட்டிதான் நடக்கும்.

அப்படியென்றால் ட்ராமை நிமிடத்துக்கு ஒன்று விடலாமே என்பார்கள். சந்தியை நெருங்கும் ட்ராமுக்குப் பச்சை விளக்கு கொடுத்தால்தான் அதற்கு வேகம். இரண்டு திசையிலும் அவ்வளவு நெருக்கமாக வந்தால் குறுக்கு வீதிக்குப் பச்சையே கிடைக்காது. பொரளைச் சந்தியில் மாலை ஐந்து மணிக்கு அதை நினைத்துப் பாருங்கள்.

வெள்ளவத்தையில் எங்கள் ஆட்களுக்குக் காலி வீதியில் ட்ராம் ஓட வேண்டும் என்று ஆசை. பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் கொஞ்சம் தள்ளிக் கடற்கரையோரம் ஏற்கெனவே இரட்டை ரயில் பாதை கிடக்கிறது. ஸ்டேஷனுக்கு நடந்து போகும் வழியையும் ரயில் நேரங்களையும் திருத்துவது எத்தனையோ மடங்கு மலிவு. ரயில் இல்லாத பக்கம் பத்தரமுல்லை, மாலபே. வடக்கே பிரதான பாதை, தெற்கே களனிவெளிப் பாதை, நடுவில் பஸ்ஸும் சொந்த வாகனமும்தான். மாலபேயிலிருந்து கோட்டைக்கு 15.7 கிலோமீற்றரில் 16 நிலையங்களோடு இலகு ரயில் திட்டமிட்டதற்குக் காரணம் இதுதான். 2019 இல் ஜப்பான் கடனுதவிக்கு ஒப்பந்தமானது, 2020 இல் நிறுத்தினார்கள். அது தூண்கள் மேல் போகும் பாதை, தெருவில் ஓடும் ட்ராம் அல்ல. செலவும் வேறு, சிக்கலும் வேறு. இரண்டையும் ஒன்றாகப் பேசுவதைக் கேட்டால் எனக்கு எரிச்சல் வரும்.

கணக்கு எங்கிருந்து வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வீடு வீடாகப் போய், நேற்று யார் எங்கே போனார்கள் என்று கேட்கிறோம். வெள்ளவத்தையில் ஒரு ஐயா கதவைத் திறந்து தன் பயணத்தைச் சொன்னார். அம்மா? "அவ ஒரு இடமும் போறேல்லை, வீட்டிலதான்." உள்ளேயிருந்து குரல் வந்தது: "அப்ப சின்னவனைப் பள்ளிக்கூடத்தில விட்டது ஆர்? மருந்து எடுத்தது ஆர்? பின்னேரம் டியூசனுக்குக் கூட்டிக்கொண்டு போனது ஆர்?" படிவத்தில் பூச்சியமாக இருந்த இடத்தில் ஒரே நாளில் அத்தனை பயணம்! எல்லாம் குறுந்தூரம், ஒன்றோடொன்று தொடுத்தவை, பாதி நடை, பாதி ஆட்டோ. தமிழ் பேசுகிறவர் கேட்கப் போயிராவிட்டால் இது பதிவாகியிராது. பதிவாகாத பயணத்துக்கு யாரும் தரிப்பிடம் போட மாட்டார்கள்.

அப்புறம் நிலத்துக்கு அடியில். பஸ் போகும் வீதியில் தண்ணீர்க் குழாய் வெடித்தால் கிடங்கைச் சுற்றிக்கொண்டு பஸ் போகும். ட்ராம் போகாது. அதனால் பாதைக்குக் கீழே வரும் குழாய், கேபிள் எல்லாவற்றையும் முன்கூட்டியே நகர்த்த வேண்டும். ட்ராமுக்குப் பெரும்பாலும் 750 வோல்ட் நேர்மின்னோட்டம். அது தண்டவாளம் வழியாகத் திரும்பும்போது கொஞ்சம் மண்ணுக்குள் கசிந்து இரும்புக் குழாய்களை அரிக்கும். ஸ்கொட்லாந்தின் எடின்பரோ நகரம் தன் ட்ராம் திட்டத்தை 375 மில்லியன் பவுண் என்று தொடங்கி, பாதையையும் சுருக்கி, 2014 இல் திறந்தபோது கணக்கு 776 மில்லியன். குழாய், கேபிள் மாற்றும் வேலை இழுபட்டது அதில் பெரிய பங்கு. நூறு வருடம் தாண்டிய கழிவுநீர்க் குழாய்கள் கிடக்கும் கொழும்பில், எது எங்கே ஓடுகிறது என்ற சரியான வரைபடம் கையில் இல்லாமல் செலவு சொல்கிறவரை நான் நம்ப மாட்டேன்.

இந்தத் துறைக்கு வர விரும்பும் பிள்ளைகளுக்கு: மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் சிவில் பொறியியல், நகரத் திட்டமிடல், போக்குவரத்து லொஜிஸ்டிக்ஸ் முகாமைத்துவம் என்று வழிகள் உண்டு. ட்ராம் மட்டும் என்று இங்கே உட்கார்ந்தால் சாப்பாடு கிடைக்காது. பஸ், ரயில், சந்தி விளக்கு எல்லாம் செய்யத் தெரிந்தால்தான் வேலை. ட்ராம் அனுபவம் வெளிநாட்டுத் திட்டங்களில்தான் கிடைக்கும். பயணங்களைக் கணினியில் கணித்துப் பார்க்கும் மொடலிங் மென்பொருளை யாரும் ஆறு மாதத்தில் பழகலாம். சிங்களமும் தமிழும் சரளமாக வந்தால் கள வேலையில் உங்களைத் தேடி வருவார்கள்.

மற்றவர்களுக்கு ஒன்று. பெரிய ரயில் பாதைத் திட்டங்களின் சுற்றாடல் பாதிப்பு மதிப்பீட்டு அறிக்கையைத் தேசிய சுற்றாடல் சட்டத்தின்படி பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். அறிவித்தல் தமிழ்ப் பத்திரிகையிலும் வரும். அறிக்கை கிடைத்தால் பளபளப்பான படங்களைத் தள்ளிவிட்டு, மணிக்கு எத்தனை பயணிகள் என்ற அட்டவணையையும் நிலத்தடிக் குழாய்கள் பற்றிய பகுதியையும் தேடுங்கள். இல்லாவிட்டால் ஏன் இல்லை என்று எழுத்தில் கேட்டு அனுப்புங்கள். தமிழிலேயே எழுதலாம்.