ஆடிக் காற்றும் ஸ்கூட்டர் கணக்கும்

ஆலங்குளத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தினமும் திருநெல்வேலி டவுனுக்கு வேலைக்குப் போய் வருகிறேன். பஸ்ஸை விட்டுவிட்டு ஸ்கூட்டரில் போனால் காசு மிச்சமாகுமா? இன்னொன்று, மாசியில் கொடுத்த மைலேஜை என் ஸ்கூட்டர் ஆனி, ஆடியில் கொடுப்பதில்லை. காலையில் காற்று முதுகில் தள்ளுகிறது, சாயங்காலம் முகத்தில் அடிக்கிறது. இரண்டும் சரிக்குச் சரியாகிவிட வேண்டாமா? மெக்கானிக் வண்டியில் கோளாறே இல்லை என்கிறார். உதிரிபாகக் கடையில் பெட்ரோல் குழாயில் காந்தம் மாட்டச் சொல்கிறார்கள்."

காசுக் கணக்கை முதலில் முடித்துவிடுவோம். ஒரு வழிக்கு சுமார் 30 கி.மீ., போக வர 60. மாதம் 25 நாள் என்றால் 1500 கி.மீ. லிட்டருக்கு 45 கி.மீ. கிடைக்கிறது, பெட்ரோல் விலை 100 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 3300 ரூபாய் சொச்சம். பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். ஒரு லட்சத்துக்கு வாங்கிய வண்டியை ஐந்து வருடம், 90,000 கி.மீ. ஓட்டி 30,000 ரூபாய்க்கு விற்றால், தேய்மானமே கி.மீ.க்கு 78 பைசா. ஆயில், டயர், பெல்ட், சர்வீஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து இன்னொரு 60 பைசாவாவது வரும். ஆக கி.மீ.க்கு 3 ரூபாய் 60 பைசா, ஒரு நாளைக்கு 216 ரூபாய். பஸ்ஸில் கி.மீ.க்கு ஒரு ரூபாய்கூட ஆகாது. டவுனில் இறங்கி ஆட்டோ பிடிக்க வேண்டியதில்லை என்றால் உங்களுக்கு பஸ்தான் லாபம், சந்தேகமே வேண்டாம். பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷன் வரை போகிற பெண்களுக்கு இன்னும் சுலபம்: சாதாரண டவுன் பஸ்ஸில் 2021 முதல் கட்டணமே கிடையாது. பஸ் போகாத ஊரில் இருந்துகொண்டு ஆட்டோவையே நம்பியிருப்பவருக்குத்தான் ஸ்கூட்டர் உண்மையிலேயே காசை மிச்சப்படுத்தும்.

சரி, இப்போது காற்றுக்கு வருவோம். இந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

தென்மேற்குப் பருவக்காற்று கேரளத்தில் மழையைக் கொட்டிவிட்டு மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டுகிறது. மலைச்சுவரில் சில இடங்களில்தான் தாழ்வான வழி உண்டு. செங்கோட்டைக் கணவாய் ஒன்று, ஆரல்வாய்மொழி இன்னொன்று. அகலமான காற்று குறுகலான வாய்க்குள் நெருக்கியடித்து நுழையும்போது வேகம் கூடுகிறது. குற்றாலத்துச் சாரலும் நம் பக்கத்துக் காற்றாலைகளும் இந்தக் காற்றின் புண்ணியத்தில்தான். ஆலங்குளம் வழியாகப் போகிற உங்கள் தென்காசி ரோடு ஏறக்குறைய இந்தக் காற்றின் திசையிலேயே கிழக்கு மேற்காகக் கிடக்கிறது. ஆடி மாதச் சாயங்காலம் அந்த ரோட்டில் மேற்கே பார்த்து வருகிறவர்களுக்குத் தெரியும்: ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகியிருப்பீர்கள், ஸ்பீடாமீட்டர் முள் 50-லிருந்து 40-க்கு இறங்கிக்கொண்டிருக்கும். முன்னால் கொக்கியில் மாட்டிய பை முழங்காலில் படபடவென்று அடிக்கும்.

காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் கூடும் என்பது பள்ளிக்கூடப் பாடம். வேகம் இரட்டித்தால் ஒரு விநாடியில் மோதும் காற்றின் அளவு இரண்டு மடங்காகிறது, அந்தக் காற்றை ஒதுக்கித் தள்ளும் வேகமும் இரண்டு மடங்காகிறது. அதனால் தடை நான்கு மடங்கு. இங்கே வேகம் என்பது ரோட்டைப் பொறுத்த வேகம் அல்ல, காற்றைப் பொறுத்த வேகம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். வண்டி 45 கி.மீ. வேகத்தில் போகிறது, காற்று 20 கி.மீ. வேகத்தில் வீசுகிறது. காற்றே இல்லாத நாளில் தடை 45-இன் வர்க்கம், 2025. எதிர்க்காற்றில் 65-இன் வர்க்கம், 4225. பின்காற்றில் 25-இன் வர்க்கம், 625. எதிரே வரும்போது கூடுதலாகக் கட்டியது 2200. தள்ளிவிட்டபோது திரும்பக் கிடைத்தது 1400. மீதி 800 போனது போனதுதான்.

இது 20-க்கும் 45-க்கும் மட்டும் அமைந்த தற்செயல் இல்லை. வண்டியின் வேகத்தை 'வ' என்றும் காற்றின் வேகத்தை 'க' என்றும் வையுங்கள். எதிர்க்காற்றில் (வ + க)², அதாவது வ² + 2வக + க². பின்காற்றில் (வ − க)², அதாவது வ² − 2வக + க². இரண்டையும் கூட்டினால் 2வக அடிபட்டுப் போகிறது. நீங்கள் சொன்ன "சரிக்குச் சரி" இந்த 2வக-வுக்கு மட்டும் பொருந்தும், அந்த வரைக்கும் உங்கள் ஊகம் சரியானதே. ஆனால் க² இரண்டு வழியிலும் கூட்டல் குறியோடுதான் நிற்கிறது. காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் அதன் வர்க்கம் கழித்தலாக மாறாது. எட்டாம் வகுப்பில் மனப்பாடம் செய்துவிட்டு நாம் மறந்துபோன ஒரு சூத்திரம் தென்காசி ரோட்டில் தினமும் பெட்ரோலாக எரிந்துகொண்டிருக்கிறது. எனக்கு இது எத்தனை தடவை நினைத்தாலும் அலுக்காத விஷயம்.

உங்கள் விஷயத்தில் நிலைமை இன்னும் கொஞ்சம் மோசம். வெயில் ஏற ஏறத் தரை சூடாகி, மேலே வேகமாக ஓடும் காற்று கீழே கலந்து இறங்கும். அதனால் பெரும்பாலும் காலைக் காற்றைவிடப் பிற்பகல் காற்று பலமாக இருக்கும். உங்களைத் தள்ளுவது காலைக் காற்று, தடுப்பது சாயங்காலக் காற்று. காலையில் 15, மாலையில் 30 என்று போட்டுப் பாருங்கள்: 30-இன் வர்க்கம் 900, 75-இன் வர்க்கம் 5625, சராசரி 3262. காற்றில்லாத நாளைவிட 61 சதவீதம் அதிகம்.

பெட்ரோல் அதே அளவுக்கு 61 சதவீதம் கூடிவிடாது. டயர் உருளுவதற்கான தடை காற்றால் மாறுவதில்லை. இன்ஜின் தன்னையே சுற்றவைத்துக்கொள்ளும் செலவும் அதிகம் மாறுவதில்லை. ஒரு லிட்டர் பெட்ரோலில் இருக்கும் சுமார் 32 மெகாஜூல் ஆற்றலில், ஸ்கூட்டரை நகர்த்தப் போவது என் தோராயக் கணக்கில் ஒன்பதில் ஒரு பங்குதான். மீதி வெப்பமாகவே போகிறது. இதையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் 45 கொடுத்த வண்டி ஆடியில் 40-க்கு இறங்குவதில் ஆச்சரியம் இல்லை. மெக்கானிக் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். பேட்டரி ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு இந்த இறக்கம் இன்னும் பளிச்சென்று தெரியும். மோட்டாரில் வீணாவது குறைவு என்பதால், காற்று தின்பது நேராகச் சார்ஜில் காட்டும்.

பக்கக் காற்றும் சும்மா விடாது. கயத்தாறு வழியாகக் கோவில்பட்டிக்கு வடக்கே போகிறவர், காற்று இடது பக்கம்தானே அடிக்கிறது, எதிரே இல்லையே என்று நினைக்கலாம். 45-இல் போகும் வண்டிக்கு 30 கி.மீ. வேகக் காற்று குறுக்கே வீசினால், பிதாகரஸ் கணக்குப்படி வண்டி உணரும் காற்று 54. அந்தக் காற்று சாய்வாக வந்தாலும், அதன் முன்பக்கக் கூறு மட்டுமே தடையை 20 சதவீதம் கூட்டிவிடுகிறது.

இனி காந்தம். பெட்ரோல் ஹைட்ரோகார்பன்களின் கலவை. குழாய்க்கு வெளியே ஒட்டவைக்கும் காந்தத்தால் அதன் எரியும் தன்மை மாறாது. ஆனாலும் அதை நம்புகிறவர்கள் ஏன் அத்தனை உறுதியாக நம்புகிறார்கள் என்பது எனக்கு இப்போது புரிகிறது. மைலேஜ் இறங்குவது ஆனி, ஆடியில். கவலைப்பட்டுக் காந்தம் வாங்குவதும் அப்போதுதான். புரட்டாசி கழிந்து ஐப்பசி வரும்போது மேற்குக் காற்று ஓய்கிறது, மைலேஜ் தானாக ஏறுகிறது, பெயர் காந்தத்துக்குப் போகிறது. தாயத்து கட்டியதும் காய்ச்சல் விட்டது என்பதும் இதே கதைதான். காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போதுதானே தாயத்தைத் தேடுகிறோம்.

வண்டிக் கம்பெனிகள் சொல்லும் மைலேஜ், மூடிய அறையில் உருளைகள் மேல் ஓட்டி அளந்தது. அங்கே ஆடி மாதம் கிடையாது. கயத்தாற்றில் தேசிய காற்றாற்றல் நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் இருக்கிறது, காற்றாலைகளை அங்கே நுணுக்கமாகச் சோதிக்கிறார்கள். அதே காற்றில் லட்சக்கணக்கானோர் இருசக்கர வண்டி ஓட்டுகிற மாவட்டங்களில், மாதவாரியாக மைலேஜ் என்ன என்று பொதுப்பணத்தில் அளந்து சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பெரிய ஆய்வகம் வேண்டாம். திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரி மாணவர்களுக்கு நான்கு வண்டியும் ஒரு வருடத்துக்குப் பெட்ரோல் காசும் கொடுத்தால் போதும். ஆராய்ச்சி நிதி என்றாலே கோடிக்கணக்கில் யோசிக்கிறவர்கள் இப்படிப்பட்ட சின்னக் கேள்விகளைத் தவறவிடுகிறார்கள். இவைதான் மாதச் சம்பளக்காரரின் பையைத் தொடுகிற கேள்விகள்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. 20 கி.மீ. எதிர்க்காற்றில் 45-க்குப் பதில் 35-இல் வாருங்கள். 4225 இருந்த இடத்தில் 3025 ஆகிவிடும், தடையில் 28 சதவீதம் குறைவு. வீடு வந்து சேரப் பத்துப் பதினோரு நிமிடம் கூடுதலாகும். அதே வழியில் வேலைக்கு வரும் தோழி இருந்தால் பின்னால் ஏற்றிக்கொள்ளுங்கள். அவர் உங்கள் முதுகின் மறைவில் உட்கார்ந்திருப்பதால் காற்றுத்தடை கொஞ்சம்தான் கூடும், செலவு ஏறக்குறைய பாதியாகும்.

அப்புறம், ஒரே பெட்ரோல் பங்கில் ஒரே மாதிரி டேங்கை நிரப்பி, கி.மீ. எண்ணைக் குறித்து வையுங்கள். ஐப்பசியில் ஒரு மாதம், அடுத்த ஆனியில் ஒரு மாதம், நடுவில் காந்தம் எதுவும் மாட்டாமல். அந்த எண்களை எனக்கு எழுதி அனுப்புங்கள், சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.