எடிட்டிங்னா திருத்தமா, தொகுப்பா?

இப்போ எந்த ஆப்பைத் தேடினாலும் "வீடியோ திருத்தி"ன்னு ஒரு பேரு வந்து நிக்குது. "காணொளி திருத்துவது எப்படி"ன்னு தலைப்பு வச்சு பாடம் நடத்தறாங்க, கத்துக்க வர்ற பசங்களும் "அண்ணா, இந்த வீடியோவைத் திருத்தணும்"னே கேக்க ஆரம்பிச்சிட்டாங்க. பழகிடுச்சு, போகட்டும்னு விடற மாதிரி தப்பு இல்ல இது. புதுசா கத்துக்கறவங்களை முதல் நாளே குழப்பி விட்டுடுது.

சொல்லோட மூலம் சின்னதுதான். லத்தீன்ல எடெரென்னா வெளியே கொடுக்கறது, வெளியிடறது. அதுலேர்ந்து எடிட்டர் வந்து, எடிட்டர்லேர்ந்து 18-ஆம் நூற்றாண்டு கடைசியில எடிட்ங்கற வினை பொறந்துச்சு. சினிமால இதே வேலையை பிரெஞ்சுக்காரங்க மோன்டாஜ்னாங்க, சேத்துப் பொருத்தறதுன்னு அர்த்தம். ஜெர்மன்ல ஷ்னிட், அதாவது வெட்டு. பிழை திருத்தறதுன்னு இவங்க யாரும் சொல்லல.

நம்ம சினிமாக்காரங்களும் சொல்லல. பி.லெனினை படத்தொகுப்பாளர்னுதான் இத்தனை வருஷமா எழுதறோம். தொகுக்கறது தமிழ்ல ரொம்பப் பழைய வேலை. ஐங்குறுநூறை எடுத்துக்கோங்க, அஞ்சு புலவர்கள், ஆளுக்கு 100 பாட்டு, தொகுத்தவர் புலத்துறை முற்றிய கூடலூர் கிழார். மருதம் முதல்ல, அப்புறம் நெய்தல், குறிஞ்சி, பாலை, முல்லை கடைசி. எது முன்னாடி எது பின்னாடிங்கற முடிவுதான் அங்க வேலையே, எடிட்டிங் சாஃப்ட்வேர்ல டைம்லைன்ங்கற நீளப் பட்டையில கிளிப்பை, அதாவது வீடியோத் துண்டை, அடுக்கறவன் எடுக்கற முடிவும் அதேதான்.

திருத்தறதுன்னா என்ன? விடைத்தாள் திருத்தறோம், சட்டத்தைத் திருத்தறோம், முடி திருத்தறோம், நிலத்தைத் திருத்தறோம். எல்லாத்துலயும் கையில இருக்கற பொருளே மாறிடுது. பிரீமியர், டாவின்சி ரிசால்வ், கேடென்லைவ்னு எந்த எடிட்டிங் சாஃப்ட்வேர்லயுமே அப்படி நடக்கறதில்ல. நீங்க ஷூட் பண்ண ஃபைல் ஹார்ட் டிஸ்க்ல வச்ச இடத்துல அப்படியே கிடக்கும். புராஜெக்ட் ஃபைல்ல இருக்கறது வெறும் குறிப்பு: இந்த ஃபைல்ல 12-வது செகண்ட்லேர்ந்து 17 வரைக்கும் காட்டு, அது முடிஞ்சதும் அந்த ஃபைலைக் காட்டு. அதனாலதான் வெட்டின கிளிப்போட ஓரத்தைப் பிடிச்சு இழுத்தா போன பகுதி திரும்ப வருது. ஃபிலிம் காலத்துலயும் இதே கதைதான், நெகட்டிவ் லேப்ல பத்திரமா இருக்கும், எடிட்டர் மூவியோலாங்கற எடிட்டிங் மெஷின்ல போட்டுப் பாத்து வெட்டி ஒட்டறது அதுலேர்ந்து எடுத்த பாசிட்டிவ் பிரிண்டை.

என்கிட்ட கத்துக்க வந்த ஒரு பையன் அவங்க அக்கா வளைகாப்பை முழுக்க டைம்லைன்ல வச்சு முடிச்சிட்டு, எக்ஸ்போர்ட் பண்றதுக்கு, அதாவது ஒரே வீடியோ ஃபைலா வெளியே எடுக்கறதுக்கு, முன்னாடியே ஒரிஜினல் ஃபோல்டரை அழிச்சிட்டான். "வீடியோவைத்தான் திருத்தியாச்சே, பழசு எதுக்குண்ணா"ன்னு கேட்டான். மறுநாள் திறந்தா ஸ்கிரீன் முழுக்கச் சிவப்பு, மீடியா ஆஃப்லைன், அதாவது ஒரிஜினல் ஃபைலைக் காணோம். வளைகாப்பை இன்னொரு தடவை நடத்தியா எடுக்க முடியும்? தொகுக்கறோம்னு சொல்லிப் பழகியிருந்தா, தொகுத்த சரக்கு எங்கயோ தனியா இருக்கணும்ங்கறது அந்தச் சொல்லுக்குள்ளயே இருந்திருக்கும்.

இன்னொண்ணு, திருத்தம்ங்கற சொல் நமக்கு வேற இடத்துல அவசியமா வேணும். ஒயிட் பேலன்ஸ் தப்பாகி முகமெல்லாம் நீலமா விழுந்திருந்தா அதைச் சரிபண்றோமே கலர் கரெக்‌ஷன், அது அச்சு அசலா வண்ணத் திருத்தம். மொத்த வேலைக்கும் திருத்தம்னு பேர் வச்சிட்டா அப்புறம் இதை என்னன்னு கூப்பிடறது?

தொகுப்பாளர்னா டிவில மைக் பிடிக்கறவங்கன்னு நினைப்பாங்களேன்னு ஒரு எதிர்வாதம் வரும். நியாயமான கேள்விதான், ஆனா அவங்க நிகழ்ச்சித் தொகுப்பாளர், இவங்க படத்தொகுப்பாளர், முன்னாடி ஒரு சொல் சேந்தாலே பிரிஞ்சிடுது. அதுவும் சரியா வரலைன்னா எடிட்டிங்னே எழுதுங்க, எனக்கு அதுல துளி வருத்தமும் இல்ல. தப்பான தமிழை விட புரியற கடன்சொல் மேல்.

இதுக்கெல்லாம் காரணம், மொழிபெயர்க்கறவங்க கைக்கு வெறும் சொல் பட்டியல்தான் போகுது, சாஃப்ட்வேரைத் திறந்து ஒரு கிளிப்பையாவது வெட்டிப் பாக்கறதில்ல. அதான் எக்ஸ்போர்ட்டுக்கு "ஏற்றுமதி"ன்னு வருது. ஏற்றுமதின்னா திருப்பூர் பனியன் கப்பல்ல போறது, முடிச்ச வீடியோவை ஒரே ஃபைலா வெளியே எடுக்கறதுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ட்ரிம்முக்கு "ஒழுங்கமை"ன்னு போட்டிருக்கறதையும் பாத்தேன். கிளிப்போட முன்பக்கத்தையோ பின்பக்கத்தையோ குறைக்கறதுதான் ட்ரிம், "ஓரம் நறுக்கு"ன்னு போட்டா எட்டாவது படிக்கிற பொண்ணுக்குக் கூடப் புரியும். அது பிடிக்கலைன்னா ட்ரிம்னே விட்டுடுங்க, ரெண்டு தடவை அழுத்திப் பாத்து அவளே கண்டுபிடிச்சிடுவா. ஒழுங்கமைன்னு இருந்தா எதை ஒழுங்கமைக்கணும்னு அவ யாரைப் போய்க் கேப்பா?