தேய்ப்பதற்கு முன் தண்ணீரில் முக்குங்கள்: பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் கார்களின் அரிய ஹெட்டுகள்

போன செப்டம்பரில் ஒருவர், போர்வையில் சுற்றிய பொருளைக் கைக்குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு எங்கள் பட்டறைக்கு வந்தார். பிரித்துப் பார்த்தால் எம்ஜிபி என்ற பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காருக்கான அலுமினிய சிலிண்டர் ஹெட், அதாவது இன்ஜின் பிளாக்கின் மேல் மூடி போல உட்காரும் பாகம். 1960-களில் வார்த்தது. ஹாம்ப்ஷயரில் பியூலி என்ற ஊரில் ஆண்டுதோறும் கூடும் பழைய கார் உதிரிபாகச் சந்தையில் பிடித்திருக்கிறார். புதுப் பாத்திரம் மாதிரிப் பளபளவென்று இருந்தது. "லேசாக ஃபேசிங் போட்டுக் கொடுங்கள், மாட்டிவிடுகிறேன்" என்றார். ஃபேசிங் என்றால் ஹெட்டின் அடிப்பரப்பை மெஷினில் சீவிச் சமமாக்குவது.

முழுப் பணமும் கொடுத்துவிட்டீர்களா என்றுதான் முதலில் கேட்டேன். முன்பணம் மட்டும்தான் என்றார். எனக்கு மூச்சு வந்தது.

நான் இங்கிலாந்தில் இன்ஜின் வேலை செய்கிறேன். ஆனால் இந்த இன்ஜின் குடும்பம் எனக்கு அறிமுகமானது சென்னைப் புதுப்பேட்டையில். அம்பாசிடரில் ஓடிய 1489 சிசி பெட்ரோல் இன்ஜினும், 1955-இல் வந்த எம்ஜிஏ ஸ்போர்ட்ஸ் காரின் முதல் இன்ஜினும் பிஎம்சி என்ற பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் ஒரே பி-சீரிஸ் வம்சம். எம்ஜிபியில் அதுவே 1798 சிசியாகப் பெருத்து 1962 முதல் 1980 வரை ஓடியது. அம்பாசிடர் ஹெட்டைக் கழற்றிய எந்த மெக்கானிக்குக்கும் இதன் குறை தெரிந்திருக்கும். நான்கு சிலிண்டருக்கு உள்ளே காற்று போக இரண்டே வழிகள்தான். ஒன்றும் இரண்டும் ஒரு வழியில், மூன்றும் நான்கும் இன்னொன்றில். ஒட்டிப் பிறந்த பிள்ளைகள் ஒரே மூக்கால் மூச்சு வாங்குவது போல. வெடிக்கும் வரிசை 1-3-4-2 என்பதால், பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர்கள் அடுத்தடுத்து உறிஞ்சும். ஒன்றின் பங்கில் மற்றது கை வைக்கும். புகை வெளியேறும் வழிகளும் அதே பக்கம். போதாததற்கு வால்வுகளை இயக்கும் புஷ் ராடு கம்பிகளும் அந்தப் பக்கமே இறங்குவதால், வழியைக் கடைந்து அகலப்படுத்தவும் ஓரளவுக்குத்தான் இடம்.

பிரிட்டிஷ் பொறியாளர் ஹாரி வெஸ்லேக் வடிவமைத்த இதய வடிவ எரியறை அந்தக் காலத்துக்கு அருமையான வேலை. அன்றாட ஓட்டத்துக்கு அது தாராளம். பந்தயக்காரர்களுக்குப் போதவில்லை. அங்கேதான் வெளியார் ஹெட்டுகள் நுழைந்தன. சர்ரேயில் டோல்வொர்த்தில் இருந்த எச்.ஆர்.ஜி நிறுவனமும் கிங்ஸ்டனில் இருந்த டெரிங்டனும் சேர்ந்து எம்ஜிக்கு ஒரு அலுமினிய ஹெட் கொண்டுவந்தார்கள். அதில் காற்று ஒரு பக்கம் நுழையும், புகை மறுபக்கம் போகும்; இதைத்தான் கிராஸ்ஃப்ளோ என்கிறோம். இதைவிடச் சிறிய ஏ-சீரிஸ் இன்ஜினுக்கு ஆர்டன் எட்டு வழி ஹெட். அதற்கும் முந்தைய எம்ஜி டி-வரிசைக் கார்களுக்கு லேஸ்டால்-லூகாஸ் அலுமினிய ஹெட். ஆஸ்டின்-ஹீலி 100எஸ் காருக்கு அந்த வெஸ்லேக்கே வடிவமைத்த அலுமினிய ஹெட் தொழிற்சாலையிலேயே பொருத்தப்பட்டது. வெளியே வந்தவை சுமார் 50 கார்கள்தான். இப்படிப்பட்ட ஹெட் ஒன்று கைக்குக் கிடைத்தால் எனக்கே கை பரபரக்கும். அந்தப் பரபரப்புதான் ஆபத்து.

பல வருடங்களுக்கு முன் நானே ஒன்றைக் கெடுத்தேன். வந்த ஹெட்டின் அடிப்பரப்பு கொஞ்சம் வளைந்திருந்தது. நேராகக் கொண்டுபோய் மெஷினில் கட்டி, பரப்பு சமமாகும் வரை சீவினேன். வேலை கண்ணாடி மாதிரி வந்தது. அதற்கு அப்புறம்தான் சோதித்தேன். மூன்று இடங்களில் நீர் கசிந்தது. இனி பற்றவைத்தால் பரப்பு மறுபடி வளையும், மறுபடி சீவ அதில் உலோகம் மிச்சமில்லை. உரிமையாளருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஹெட்டை எப்படித் திருப்பிக் கொடுப்பது? பிறகு அதை ரம்பத்தால் இரண்டாக அறுத்துப் பார்த்தேன். தண்ணீர் ஓடும் அறையின் சுவர், வெளியே வழவழப்பாக இருந்த இடத்திலேயே, உள்ளே கறையான் அரித்த பலகை மாதிரி இருந்தது. சில இடங்களில் இரண்டு மில்லிமீட்டர்கூட இல்லை. அந்த இரண்டு பாதிகளும் இன்னும் என் அலமாரியில் இருக்கின்றன. வருகிறவர்களுக்கு எடுத்துக் காட்டுவேன்.

ஏன் அப்படி அரிக்கிறது? இரும்பு பிளாக், அலுமினிய ஹெட், நடுவில் தண்ணீர். கிட்டத்தட்ட ஒரு பேட்டரி. அதில் கரைவது அலுமினியம். கூலண்ட் இல்லாமல் வெறும் குழாய்த் தண்ணீரில் பத்து வருடம் ஓடிய ஹெட்டைக் கேஸ்கட் ஓட்டைகளின் விளிம்பைப் பார்த்தே கண்டுபிடித்துவிடலாம். ஸ்டட் நுழையும் துளைகளில் வெள்ளைப் பொடி அப்பியிருக்கும். அதனால்தான் இந்த ஹெட்டுகள் கழற்ற வராமல் அடம்பிடிக்கும். தயவுசெய்து உளி வைத்து நெம்பாதீர்கள். துருநீக்கி எண்ணெயை ஊற்றி இரண்டு நாள் ஊற விடுங்கள்.

சரி, அந்தப் போர்வை ஹெட்டுக்கு வருவோம். பளபளப்புதான் எனக்குச் சந்தேகம் தந்தது. பொடிக் கண்ணாடி மணிகளைக் காற்றில் பீய்ச்சி அடித்தால் அறுபது வருட அழுக்கும் போய்விடும். பழைய வெல்டிங் தழும்பும் கூடவே மறைந்துவிடும். அதோடு அந்த மணிகள், வால்வை அழுத்தும் ராக்கருக்கு எண்ணெய் ஏறும் துளையில் தங்கிவிட்டால், பிறகு இன்ஜினுக்குள் இறங்கி பேரிங்கைத் தின்றுவிடும். குச்சி பிரஷ்ஷை உள்ளே விட்டுச் சுழற்றி வெள்ளைத் துணியில் தட்டினேன். நறநறவென்று மணிகள் விழுந்தன.

அப்புறம் தண்ணீர் வழிகளையெல்லாம் ரப்பர் வைத்துத் தகட்டால் அடைத்து, உள்ளே இரண்டு பார் காற்றை ஏற்றி, வெந்நீர்த் தொட்டியில் இறக்கினோம். வெந்நீர் அவசியம், குளிர்ந்த உலோகத்தில் மூடியிருக்கும் விரிசல் சூட்டில்தான் வாய் திறக்கும். முதல் ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. அவர் முகம் மலர்ந்தது. பிறகு மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சீட் ஓரத்திலிருந்து, கடுகைவிடச் சின்னக் குமிழிகள் ஒரு நூல் கோத்தது போல் மேலே வந்தன.

விரிசல், வால்வு வந்து உட்காரும் சீட் வளையத்துக்கு அடியில் தொடங்கியிருந்தது. இந்த வளையங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2000 ஜனவரி முதல் ஈயப் பெட்ரோல் பொது விற்பனையில் இல்லை. வால்வு சீட்டுக்குக் காப்பாக இருந்த ஈயம் போனதால், பழைய இரும்பு ஹெட்டுகளில் சீட் தேய்ந்து உள்வாங்கும் என்ற கவலை வந்தது. அலுமினிய ஹெட்டில் ஆரம்பத்திலிருந்தே தனி வளையம் இருப்பதால் கவலை இல்லை என்பார்கள். பாதிதான் சரி. அலுமினியம் சூட்டில் இரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 40 மில்லிமீட்டர் துளை, நூறு டிகிரி சூடேறினால், வளையத்தைவிட ஏறக்குறைய 0.04 மில்லிமீட்டர் கூடுதலாக விரிகிறது. பிடி தளர அது போதும். ஒருமுறை கொதித்துப்போன இன்ஜினில் இருந்த ஹெட் என்றால் உலோகமே பதம் இழந்து மென்மையாகியிருக்கும். அதற்குக் கடினத்தன்மைச் சோதனை தனியாக உண்டு. ஓரமான இடத்தில் ஒரு சின்னக் குண்டை அழுத்திப் பள்ளத்தை அளப்பார்கள். விலை பேசுவதற்கு முன்பே அதையும் செய்யச் சொல்லுங்கள்.

இன்னொன்று, ஹெட் மட்டும் கிடைத்தால் போதாது. கிராஸ்ஃப்ளோ ஹெட்டுக்கு, காற்றை உள்ளே கொண்டுவரும் குழாய்த் தொகுதியான இன்லெட் மேனிஃபோல்ட் அதற்கேற்றதாக வேண்டும், புஷ் ராட் நீளம் பொருந்த வேண்டும். பழங்காலக் கார் பந்தயத்தில் ஓட்டப்போகிறீர்கள் என்றால், உங்கள் காருக்கு அந்த ஹெட் அந்தக் காலத்திலேயே பயன்பட்டதாக ஆவணம் கேட்பார்கள். இப்போது புதிதாக வார்த்த கிராஸ்ஃப்ளோ ஹெட்டுகளும் விற்கின்றன. சாலையில் ஓட்ட மட்டும் என்றால் என் வாக்கு அவற்றுக்கே. அரிய பழையதை ஓட்டி உடைப்பது எனக்கு மனசு ஒப்பாது.

அவர் அந்தச் சோதனை முடிவோடு விற்றவரிடம் பேசினார். விலை பாதிக்கு இறங்கியது. பழைய வளையத்தை எடுத்து, விரிசலைக் கடைந்து வெல்டிங் செய்து, புது வளையம் இறக்கி, மறுபடி தொட்டியில் முக்கிப் பார்த்த பிறகுதான் ஃபேசிங் போட்டேன். எரியறைகளின் கொள்ளளவையும் பியூரெட் என்ற அளவுக் குழாயால் அளந்தோம். ஒரு சிலிண்டர் 449 சிசி; அழுத்த விகிதம் ஒன்பது வேண்டுமென்றால் பிஸ்டனுக்கு மேலே மொத்தம் 56 சிசி இருக்க வேண்டும், 50-க்கு வந்தால் விகிதம் பத்தாகிவிடும். ஃபேசிங்கில் கை எவ்வளவு நிதானமாக இருக்க வேண்டும் என்பது இதிலேயே தெரியும்.

முதல் நூறு மைல் ஓடிய பிறகு வண்டியைத் திரும்ப வரச் சொன்னேன். ஒரு ராத்திரி முழுக்க ஆறவிட்டு, காலையில் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்சை நட்டுகளில் வைத்தேன். பதினோரு நட்டும் கொஞ்சம் கொஞ்சம் இறங்கிக் கொடுத்தன. இந்த இன்ஜினில் ராக்கர் தாங்கிகளையும் அந்த ஸ்டட்களில் நான்குதான் பிடித்திருப்பதால், வால்வுக்கும் ராக்கருக்கும் நடுவே விடும் டேப்பட் இடைவெளியை எட்டு வால்வுக்கும் திரும்ப வைத்துவிட்டுத்தான் சாவியைக் கொடுத்தேன்.