பெட்ரோல் போட்டதும் திணறும் வண்டி

பங்க்கில் டேங்கை நிரப்பிவிட்டுச் சாவியைத் திருப்பினால் செல்ஃப் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்க மாட்டேன் என்கிறது. ஆக்ஸிலேட்டரை மிதித்து ஒருவழியாகக் கிளப்பினாலும் ஐடிலில் குலுங்குகிறது. இரண்டு நிமிடத்தில் தானாகச் சரியாகிவிடும். பெட்ரோலில் கலப்படம் என்று பங்க்கைத் திட்டுவோம், நானும் திட்டியிருக்கிறேன். ஆனால் நிரப்பியவுடன் மட்டும் இப்படி என்றால், முதல் சந்தேகம் பர்ஜ் வால்வு மேல்தான்.

டேங்கில் பெட்ரோல் ஆவியாகிக்கொண்டே இருக்கும். அது வெளியே போகாமலிருக்க கேனிஸ்டர் என்ற கரி டப்பா இருக்கிறது. கரியின் நுண்துளைகளில் ஆவி ஒட்டிக்கொள்ளும். வண்டி ஓடும்போது கம்ப்யூட்டர் பர்ஜ் வால்வைத் திறக்க, இன்ஜின் அந்த ஆவியை உறிஞ்சி எரித்துவிடும். வால்வு மூடாமல் சிக்கிக்கொண்டால்தான் வம்பு. பெட்ரோல் உள்ளே இறங்க இறங்க, டேங்கில் இருந்த ஆவி டப்பாவுக்குத் தள்ளப்படுகிறது. அந்த நேரம் பார்த்து ஸ்டார்ட் செய்தால், கணக்கில் வராத ஆவி சிலிண்டருக்குள் பாய்கிறது. எடைக்கணக்கில் ஒரு பங்கு பெட்ரோலுக்குச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டிய இடத்தில் பெட்ரோல் மிஞ்சிப்போய் இன்ஜின் மூச்சுத் திணறுகிறது.

சோதிப்பது சுலபம். இன்ஜின் ஐடிலில் இருக்கும்போது வால்வின் மின் பிளக்கைக் கழற்றுங்கள். கேனிஸ்டரிலிருந்து வரும் ஹோஸையும் கழற்றி, வால்வின் மூக்கில் விரலை வையுங்கள். கரன்ட் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். விரலை உறிஞ்சினால் வால்வு போச்சு. ஆவி தீப்பிடிக்கும், பக்கத்தில் சிகரெட் வேண்டாம்.

செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனரில் பி0455 என்று வந்தால் அது வேறு கதை: பெரிய ஆவிக் கசிவு. பி0456 என்றால் மிகச் சின்னது. அமெரிக்க விதிப்படி 0.5 மில்லிமீட்டர் ஓட்டையைக்கூட வண்டியே கண்டுபிடிக்க வேண்டும். முதலில் டேங்க் மூடியின் ரப்பரைப் பாருங்கள். அது நன்றாக இருந்தால் மெக்கானிக் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தி, எங்கே கசிகிறது என்று பார்ப்பார். டேங்க் பக்கத்துக் கசிவால் வண்டி பொதுவாகக் குலுங்காது. வால்வுக்கும் இன்ஜினுக்கும் இடையிலுள்ள ஹோஸ் வெடித்திருந்தால் குலுங்கும். அந்த வழியாகக் கணக்கில்லாத காற்று நுழைகிறது.

சரி, வால்வு ஏன் சிக்குகிறது? ஆட்டோ கட் ஆன பிறகும் “ரவுண்டா போட்டுடுங்கண்ணே” என்கிறோமே, அப்போது பெட்ரோல் திரவமாகவே கேனிஸ்டருக்குள் போகலாம். கரி கெட்டு உதிர்ந்தால், துகள்கள் வால்வு வரைக்கும் வந்துவிடும். என் பழைய வால்வை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தேன். மிளகுத்தூள் போல கறுப்பாகக் கொட்டியது.