கேமரன் மலை இறக்கமும் இரண்டு பேட்டரிகளும்

மலேசியாவில் தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் 59ஆம் எண் சாலையில், பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் சேர்ந்த ஒரு ஹைபிரிட் காரை மேலிருந்து கீழே இறக்கிப் பாருங்கள். பாதி வழியில், ஆக்சிலரேட்டரை மிதிக்காமலே எஞ்சின் திடீரென்று ஓலமிடும். பயந்துபோய்ப் பட்டறைக்கு ஓடுபவர்கள் உண்டு. பழுது எதுவும் இல்லை, இறக்கத்தில் மோட்டாரே பிரேக்காக வேலை செய்து மின்சாரம் தந்ததால் பேட்டரி நிரம்பிவிட்டது. அவ்வளவுதான். ஹைபிரிட்டா, சொகுசு மின்சாரக் காரா என்று யோசிப்பவருக்குக் கணக்கு இங்கிருந்துதான் தொடங்குகிறது.

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தாவுக்கும் அடிவாரத்துத் தாப்பாவுக்கும் உயர வித்தியாசம் சுமார் 1,400 மீட்டர். ஆட்களோடு சேர்த்து 1,400 கிலோ எடையுள்ள கார் இந்த உயரத்திலிருந்து இறங்கினால் 5.3 கிலோவாட் மணி ஆற்றல் வெளிப்படும். டயரின் உருளல் தடையும் காற்றும் தின்றது போக, ஒன்றரையிலிருந்து இரண்டு கிலோவாட் மணி மிஞ்சும். ஹைபிரிட்டின் பேட்டரியோ மொத்தமே ஏறக்குறைய ஒரு கிலோவாட் மணிதான். அதிலும் பாதியளவுதான் புழக்கத்தில் இருக்கும். ஹோண்டா சிட்டி இ:எச்இவி போன்ற காரில் சக்கரத்தை ஓட்டும் மோட்டார் ஒன்று, எஞ்சினோடு பிணைந்த ஜெனரேட்டர் இன்னொன்று. பேட்டரி நிரம்பியதும், மோட்டார் தரும் மின்சாரம் ஜெனரேட்டருக்குப் போய், பெட்ரோல் இல்லாமலே எஞ்சினைச் சுழற்றும். மிஞ்சிய ஆற்றலை இப்படிச் செலவழிப்பதால் பிரேக் சூடேறாது. ஓலமிடும் சத்தம் அதனால்தான்.

சொகுசு மின்சார செடானுக்கு இந்தத் தொல்லை அரிது. பிஎம்டபிள்யூ ஐ4 இடிரைவ்40 காரின் பேட்டரியில் சுமார் 80 கிலோவாட் மணி பயன்படும். ஆட்களோடு எடை 2,300 கிலோ இருந்தாலும், இறக்கத்தில் மிஞ்சும் நாலு கிலோவாட் மணியைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். மலையிலேயே தங்கி 100 விழுக்காடு சார்ஜ் ஏற்றிவிட்டு இறங்கினால் கதை வேறு. மோட்டாரால் பிரேக் போட முடியாமல் முழுச் சுமையும் டிஸ்க்கின் மேல் விழும். 80 அல்லது 85 விழுக்காட்டில் நிறுத்திவிட்டு இறங்குங்கள்.

தோட்டப்புற ஊர்களில் ஓடும் ஓட்டம் பெரும்பாலும் மலையேற்றம் அல்ல. செம்பனைத் தோட்டத்திலிருந்து பட்டணம், தமிழ்ப்பள்ளி வாசல், சந்தை என்று நின்று நின்று போகும் ஓட்டம். ஹைபிரிட்டுக்கு ஏற்றது இதுதான். 60 கிலோமீட்டர் வேகத்தில் வரும் 1,400 கிலோ காரை நிறுத்தினால் கிடைப்பது 0.05 கிலோவாட் மணி. அதைப் பிடித்து வைத்து மறுபடி கிளம்பக் கொடுக்க அந்தச் சின்ன பேட்டரி போதும்.

கணக்குக்கு வருவோம். மாதம் 1,500 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹைபிரிட்டுக்கு நூறு கிலோமீட்டருக்கு 4.3 லிட்டர் என்றால் 65 லிட்டர் ஆகும். 2025 செப்டம்பர் 30 முதல் குடிமக்களுக்கு வந்த ரோன்95 பெட்ரோல் மானிய விலை லிட்டருக்கு 1.99 வெள்ளி (ரிங்கிட்). ஆக, சுமார் 130 வெள்ளி. மின்சாரக் காருக்கு நூறு கிலோமீட்டருக்கு 18 யூனிட் (ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி), சார்ஜ் செய்வதில் போகும் இழப்பும் சேர்ந்து மாதம் 300 யூனிட். வீட்டு மின்சாரம் யூனிட் 45 சென் என்று வைத்தால் 135 வெள்ளி! இரண்டு மடங்குக்கும் மேல் விலை கொடுத்து வாங்கியவர் ஓட்டச் செலவில் ஒரு காசும் மிச்சம் பிடிக்கவில்லை. மானியம் இருக்கும்வரை இதுதான் நிலவரம். அதற்கு மேல் வேகமும் நிசப்தமும் வேண்டும் என்பவர் ஆசைக்கு வாங்கலாம், அதில் தவறில்லை. சேமிப்புக்காக என்று மட்டும் சொல்ல வேண்டாம்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியது காரை அல்ல, வீட்டு மின்பெட்டியை. சுவரில் மாட்டும் 7.4 கிலோவாட் சார்ஜர் 32 ஆம்பியரை மணிக்கணக்கில் இழுக்கும். பழைய வீட்டு இணைப்பில் வாட்டர் ஹீட்டர் 15 ஆம்பியர், ஏர்கோன் 5 ஆம்பியர் என்று கூட்டினால் மெயின் சுவிட்ச் விழுந்துவிடும். சார்ஜருக்குக் குறைந்தது 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியில் தனி லைன் வேண்டும். தூரம் கூடினால் கம்பியும் தடிக்க வேண்டும். மின்கசிவைத் துண்டிக்கும் சுவிட்சிலும் கவனம் தேவை. சார்ஜரிலிருந்து நேர்மின்னோட்டம் கசிந்தால் மாறுமின்னோட்டக் கசிவை மட்டும் உணரும் சாதாரண ஏசி வகை சுவிட்ச் செயலிழந்துவிடும். நேர்மின் கசிவைக் கண்டறியும் பாதுகாப்பு சார்ஜருக்குள் இருந்தால் ஏ வகை போதும், இல்லையேல் பி வகை வேண்டும். உரிமம் உள்ள வயர்மேன்தான் இதைச் செய்ய வேண்டும்.

மூன்று முள் பிளக்கில் சமாளிக்கலாம் என்பவர்களுக்கு: 10 ஆம்பியரில் கிடைப்பது 2.3 கிலோவாட். ஐ4-ஐ 20 விழுக்காட்டிலிருந்து 80 வரை ஏற்ற ஒரு நாள் முழுக்க ஆகும். தளர்ந்த பிளக் சூடேறி உருகுவதும் இப்படித்தான். குடியிருப்பது நிர்வாகம் கொடுத்த தோட்ட வீடு என்றால் வயரிங்கைத் தொடவே அனுமதி கேட்க வேண்டும். நெடுஞ்சாலை ஓய்விடத்து விரைவு சார்ஜருக்கு டோலுக்குள் நுழைந்து, அடுத்த வெளிவழி வரை போய்த்தான் திரும்பி வர முடியும். அங்கே யூனிட் விலை ஒரு வெள்ளிக்கும் மேல்.

செம்மண் பாதையில் இரண்டுக்கும் ஆபத்து உண்டு. மின்சாரக் காரின் பேட்டரி அடிப்பாகம் முழுக்கப் பரந்திருப்பதால், துருத்திய கல் தட்டினால் உறையே நசுங்கும். எடை கூடியதால் டயரும் சீக்கிரம் தேயும். ஹைபிரிட்டில் தூசுதான் எதிரி. பல கார்களில் பேட்டரியைக் குளிர்விக்கும் காற்றுத் துளை பின்சீட்டுப் பக்கம் இருக்கும். அதன்மேல் பையை வைத்தாலோ, செம்மண் தூசு வடிகட்டியை அடைத்தாலோ பேட்டரி சூடேறி, கார் இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றித் தட்டினால் போதும். பழைய ஹைபிரிட் வாங்கப் போகிறவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடமும் அந்தத் துளைதான்.