சென்சஸ்: எண்ணிக்கையா, மதிப்பா?

சென்சஸ் என்றால் தலை எண்ணுவது என்றுதான் நாம் எடுத்துக்கொள்கிறோம். ஆனால் சொல்லின் வேரில் எண்ணிக்கை இல்லை. லத்தீனில் ‘சென்சேரே’ என்றால் மதிப்பிடுதல். பழைய ரோமில் ஐந்தாண்டுக்கு ஒருமுறை குடிமக்கள் தங்கள் குடும்பத்தையும் சொத்தையும் அதிகாரியிடம் சொல்லிப் பதிவார்கள். யார் எந்த வகுப்பு, படையில் என்ன இடம் என்பதெல்லாம் அதை வைத்தே முடிவாகும். அந்த அதிகாரியின் பெயர் ‘சென்சார்’. ஒழுக்கத்தைக் கண்காணிப்பதும் அவர் வேலைதான். சினிமாவுக்குக் கத்தரி போடும் சென்சாருக்கும் பூர்வீகம் அதுவே.

1787-இல் எழுதப்பட்ட அமெரிக்க அரசியல் சட்டத்தில், மக்கள்தொகைப்படி மாநிலங்களுக்குப் பிரதிநிதிகள் சபை இடங்களைப் பங்கிடும் இடத்தில் ‘எண்ணுதல்’ என்ற பொருளுள்ள வேறு சொல்தான் இருக்கிறது. ‘சென்சஸ்’ தலைகாட்டுவது, வரி பற்றிப் பேசும் இன்னொரு பிரிவில். ரோமானிய வாடை போகவில்லை.

முதல் கணக்கு 1790 ஆகஸ்ட் 2-ஆம் தேதியை வைத்து எடுக்கப்பட்டது. மார்ஷல்கள் எனப்படும் மத்திய நீதிமன்ற அதிகாரிகளின் உதவியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். அச்சடித்த படிவம்கூடக் கொடுக்கவில்லை. கைக்குக் கிடைத்த தாளில் அவர்களே கோடு போட்டுக்கொண்டார்கள். ஒரு குடும்பத்துக்கு ஒரு வரி: குடும்பத் தலைவரின் பெயர், 16 வயதும் அதற்கு மேலுமான வெள்ளை ஆண்கள், அதற்குக் கீழானவர்கள், வெள்ளைப் பெண்கள், சுதந்திரமான மற்றவர்கள், கடைசியில் அடிமைகள். பெயர் ஒன்று, மற்றதெல்லாம் எண். பெண்களுக்கு வயதுப் பிரிவுகூட இல்லை. படைக்கு ஆள் தேறுமா என்பதே பார்வை.

அந்தக் கடைசிக் கட்டத்தில்தான் ‘மதிப்பு’ பல்லைக் காட்டுகிறது. அடிமை ஒருவரை ஐந்தில் மூன்று பங்காகக் கொள்ள வேண்டும் என்பது சட்டம். தென் கரோலினாவில் எண்ணப்பட்டவர்கள் 2,49,073 பேர். அதில் 1,07,094 பேர் அடிமைகள். பங்கீட்டுக்கு அவர்கள் சுமார் 64,256 ஆகச் சுருங்கினார்கள். அவர்களுக்கு ஓட்டு கிடையாது. அவர்கள் பெயரால் கூடுதல் இடம் மட்டும் எஜமானர்களின் மாநிலத்துக்கு. வரி கட்டாத பூர்வகுடிகளோ கணக்கிலேயே இல்லை.

மொத்தம் 39,29,214. அதிபர் வாஷிங்டனுக்கும் வெளியுறவு அமைச்சர் ஜெஃபர்சனுக்கும் இது குறைவாகப் பட்டது. ஜெஃபர்சன் வெளிநாட்டுக்கு அனுப்பிய கணக்கில், வந்த எண்களைக் கறுப்பு மையிலும் தன் ஊகத்தைச் சிவப்பு மையிலும் எழுதினார். அந்தக் கவலை தேவையில்லை என்று அடுத்தடுத்த கணக்குகள் காட்டின: 1800-இல் 53 லட்சம், 1820-இல் 96 லட்சம், 1860-இல் 3 கோடியே 14 லட்சம். ஏறக்குறைய 23 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. கப்பல் கப்பலாக வந்து இறங்கியவர்களால்தான் இந்தப் பெருக்கம் என்று நினைப்பது பாதிதான் சரி. 1830-கள் வரை குடியேற்றம் சொற்பம். நிலம் மலிவு, கல்யாணம் சீக்கிரம், பிள்ளைகள் நிறைய.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘கானேஷுமாரி’ என்று ஒரு சொல் முன்பு புழங்கியது. பாரசீகத்தில் ‘கானா’ வீடு, ‘ஷுமாரி’ எண்ணுதல். இலங்கையில் ‘தொகைமதிப்பு’. இங்கே அரசு வழக்கு ‘மக்கள்தொகைக் கணக்கெடுப்பு’. துல்லியம்தான், ஆனால் வாய்க்கு நீளம். அகராதியில் தூங்கும் ‘குடிமதிப்பு’ எனக்குப் பிடித்தது. குடி என்றால் குடும்பமும்தான். மதிப்பு, லத்தீன் வேரின் அதே பொருள்.

1850-இலிருந்து சுதந்திரமான ஒவ்வொருவருக்கும் தனி வரி, தனிப் பெயர். அடிமைகளுக்கு அப்போதும் தனி ஏடு: எஜமானர் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம், பெரும்பாலும் பெயர் இல்லை. அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்கள் எல்லோருடனும் ஒரே ஏட்டில் பெயரோடு ஏறியது 1870-இல். அதனால் 1790 ஏட்டைத் தமிழில் எழுதினால் குடிமதிப்பு என்பேன். 1870-க்கு, நீளமானாலும், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு.