பாக்கெட்: பொதியா, பொட்டலமா, சிப்பமா?

இணையத்தில் நாம் அனுப்பும் படம், பேச்சு, பணப் பரிமாற்றம் எதுவும் முழுசாகப் போவதில்லை. சிறு துண்டுகளாகப் பிரிந்து, ஒவ்வொரு துண்டும் தனித்தனியே பயணம் செய்து, போய்ச் சேர்ந்த இடத்தில் மறுபடி ஒன்றாகக் கோக்கப்படுகிறது. அந்தத் துண்டின் பெயர் பாக்கெட். தமிழில் இதற்குப் பொதி, பொட்டலம், சிப்பம் என்று பல சொற்கள் புழங்குகின்றன. நான் பொதியின் பக்கம்.

ஆங்கிலத்தில் பேக் என்றால் கட்டு, மூட்டை. சிறியது என்று காட்டும் ஈறு சேர்ந்து பாக்கெட் ஆனது. கடிதக் கட்டுக்கும் அந்தப் பெயர் வழங்கியது. தபால் சுமந்த கப்பல்களைப் பாக்கெட் கப்பல் என்றே அழைத்தார்கள். கணினித் துறைக்கு இச்சொல்லைக் கொண்டுவந்தவர் டொனால்ட் டேவிஸ். பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பணியாற்றியவர். தரவைத் துண்டாக்கி அனுப்பும் யோசனையை அவர் 1965இல் உருவாக்கினார். அமெரிக்காவில் பால் பாரன் அதற்கு முன்பே இதே யோசனையைத் தனியாக எட்டியிருந்தார். அவர் துண்டை மெசேஜ் பிளாக் என்றார். டேவிஸ் வைத்த பெயர்தான் நின்றது. பெயர் சூட்டுமுன் அவர் ஒரு மொழியியலாளரைக் கலந்து பேசினார். பிற மொழிகளிலும் சிதைவில்லாமல் பெயர்க்கக்கூடிய சொல்லாக இருக்க வேண்டும் என்று விரும்பினார். அந்த அக்கறையை நான் மிகவும் மதிக்கிறேன்.

துண்டாக்க வேண்டிய தேவை என்ன? பழைய தொலைபேசியில் இருவர் பேசி முடிக்கும்வரை ஒரு தடம் அவர்களுக்கே ஒதுக்கப்படும். அவர்கள் மௌனமாக இருந்தாலும் வேறு யாருக்கும் அது கிடைக்காது. கணினிகள் விட்டுவிட்டுத்தான் பேசும் என்பதால் அப்படி ஒதுக்குவது பெரிய வீண். பொதிகளாக அனுப்பினால் ஒரே தடத்தைப் பலர் பகிரலாம். இணையத்தின் முன்னோடியாக 1969இல் அமெரிக்காவில் இயங்கத் தொடங்கிய அர்பாநெட் வலையமைப்பு இந்த முறையில்தான் அமைந்தது.

பொதிக்கு முன்னால் தலைப்பகுதி இருக்கும். முகவரி பார்த்துப் பொதிகளை அனுப்பும் இணைய நெறிமுறையான ஐபியின் நான்காம் பதிப்பில் அது குறைந்தது 20 பைட். அனுப்புவது யார், பெறுவது யார் என்ற முகவரிகளோடு ஓர் ஆயுள் எண்ணும் அதில் உண்டு. கடக்கும் ஒவ்வொரு திசைவியும் (ரவுட்டர்தான், இந்தத் தமிழ்ச்சொல் நன்றாக வேரூன்றிவிட்டது) அந்த எண்ணில் ஒன்றைக் கழிக்கும். பூச்சியமானால் பொதி கைவிடப்படும். வழி தவறியவை முடிவில்லாமல் சுற்றிக்கொண்டே இருக்கக் கூடாது அல்லவா? கணினிகளைக் கம்பி வழியே இணைக்கும் ஈதர்நெட்டில் ஒரு பொதி பொதுவாக 1,500 பைட்டைத் தாண்டாது. 3 எம்பி புகைப்படம் என்றால் 2,000 பொதிகளுக்கு மேல்.

சரி, சொல்லுக்கு வருவோம். சிறியது என்ற பொருளுக்குப் பொட்டலம் மிகப் பொருத்தம். சுண்டல் பொட்டலம் நமக்கெல்லாம் தெரிந்ததே. ஆனால் கூட்டுச்சொல் ஆக்கும்போது அது 'பொட்டல' என்று குறுகி, பொட்டல் காட்டை நினைவூட்டிவிடுகிறது. சிப்பம் அரிசிக் கடையில் உயிரோடு இருக்கும் நல்ல சொல், ஆனால் அது வணிக மூட்டையையே குறிக்கிறது. பொதி என்றால் பெரிய சுமை, பொதிமாடு ஞாபகம் வருகிறது என்று மறுப்பவர்கள் உண்டு. ஆனால் இலங்கையில் உலர் உணவுப் பொதி என்பது அன்றாடச் செய்தி வழக்கு. கையில் தூக்கிப்போகும் அளவுதான் அது. எனக்குப் பெரிய காரணம் வேறு. பொதி வினைச்சொல்லும் ஆகும். ஐபி பொதி ஈதர்நெட் வழியே போகும்போது இன்னொரு உறைக்குள் வைக்கப்படும். அந்த வெளியுறையோடு சேர்ந்ததை ஃபிரேம், சட்டகம் என்பார்கள். இப்படி ஒன்றுக்குள் ஒன்றை வைப்பதைப் பொதிதல் என்றே சொல்லிவிடலாம். ஒரே வேரில் பொருளுக்கும் செயலுக்கும் பெயர் கிடைக்கிறது.

பொதி இழப்பு என்ற தொடரும் எளிதாக வாயில் வருகிறது. நெரிசல் மிகுந்தால் திசைவி சில பொதிகளைத் தள்ளிவிடும். டிசிபி என்ற அனுப்பும் நெறிமுறையில், பெற்றதற்கான ஒப்புகை வராவிட்டால் அனுப்பிய கணினி மறுபடி அனுப்பும். வீடியோ அழைப்புகள் பெரும்பாலும் பயன்படுத்தும் யுடிபி என்ற நெறிமுறை அப்படிச் செய்வதில்லை. அதனால்தான் குரல் வெட்டி வெட்டிக் கேட்கிறது. குரல் தெளிவாக இருந்தும் தாமதமாக வந்தால் அது வேறு சிக்கல், அதன் பெயர் சுணக்கம்.

இழப்பு, சுணக்கம் இரண்டையும், சோதனைப் பொதிகளை அனுப்பிப் பார்க்கும் பிங் என்ற கணினிக் கட்டளை காட்டிவிடும். விண்டோஸில் அது வழக்கமாக 4 பொதிகளை அனுப்பும். ஒன்றுக்குப் பதில் வராவிட்டால் இழப்பு 25 விழுக்காடு. பக்கத்தில் மில்லி செகண்டில் வரும் எண், பொதி போய்த் திரும்பிய நேரம். இணைப்பு கொடுத்தவரிடம் புகார் சொல்லும்போது, நெட் ஸ்லோ என்பதோடு இந்த இரு எண்களையும் சேர்த்துச் சொல்லுங்கள்.